ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில் எல்லாரும் "நல்லா போகுது" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது?

தென்னந்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு 11 வருடமாக வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு ஆய்வுக் கூட்டம் வருகிறது. போன வருடம் போலவே இந்த வருடமும் போய்விடுமோ என்று மனசுக்குள் அடித்துக்கொள்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எப்படி நடக்கும் என்றால், 17 குழுக்கள், ஒவ்வொன்றிலிருந்தும் குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதியும் எழுந்து சேமிப்பு இவ்வளவு, குழுவுக்குள்ளேயே உறுப்பினர்களுக்குக் கொடுத்த உட்கடன் இவ்வளவு, வங்கிக் கடன் இவ்வளவு, நிலுவை இல்லை என்று வாசிப்பார்கள். கைதட்டல். அப்புறம் நான் எழுந்து "இந்த வருடம் என்ன கற்றுக்கொண்டீர்கள்" என்று கேட்பேன். "ஒற்றுமை", "தைரியம்", "தன்னம்பிக்கை". அதற்குள் டீ வந்துவிடும்.

உண்மையான பேச்சு, கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வருகிறது. போன வருடம் அப்படி நின்றபோது ஒரு அக்கா சொன்னார். அவர்கள் குழுவில் கடன் எடுத்துத் தென்னைநார்க் கயிறு திரிக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார்கள், இறக்கி வைத்த பிறகுதான் அந்த ஷெட்டில் மும்முனை மின்சாரம் இல்லை என்று தெரிந்திருக்கிறது, எட்டு மாதம் மெஷின் சாக்குப் போர்த்தி மூலையில் கிடந்தது, எட்டு மாதமும் தவணை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற இன்னொரு ஊர் அக்காவின் முகம் அப்படியே மாறிவிட்டது. அவர்கள் குழுவும் அதே மெஷினை வாங்கி அதே மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் மாதாமாதம் போகிறவள் நான்.

முதல் ஊரில் நடந்தது இரண்டாவது ஊருக்கு ஏன் போய்ச் சேரவில்லை? நான் கேட்ட விதம் தப்பா, சொல்ல இடமே இல்லையா? எந்தக் குழுவோடு வேலை செய்தவரானாலும் சரி, அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பேரேடு எழுதியது:

தங்கச்சி, நான் தருமபுரிக்காரி. 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இந்தக் குழுக்கள் முதலில் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். என் அம்மா ஆரம்பகாலக் குழு ஒன்றில் இருந்தவர், நானும் 14 வருடம் ஊக்குநராக இருந்து கணக்கு எழுதியவள். அதனால் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்கிற கேள்வியில் தப்பில்லை. கேட்கிற ஆள் நீ என்பதுதான் தப்பு. குழு ஆரம்பித்து ஆறு மாதத்தில் தரமதிப்பீடு வருகிறது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், சேமிப்பு ஒழுங்காக இருக்கிறதா, கடன் திரும்பியதா, பதிவேடு சுத்தமாக இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மார்க். அந்த மார்க்கை வைத்துத்தான் சுழல் நிதியும் வங்கிக் கடனும். அந்த வேலைக்கு வருகிறவர்களோடு கூடவே வந்து உட்கார்கிறவளும் நீதான், "எங்கே சறுக்கினீர்கள்" என்று கேட்கிறவளும் நீதான். பத்து வருடம் குழு நடத்திய ஒருத்தி, மெஷின் மூலையில் கிடக்கிறது என்று உன்னிடம் வாயைத் திறந்து சொல்லுவாளா? அடுத்த கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் சொன்னாள் என்றால் அங்கே உன் கையில் நோட்டு இல்லை.

அம்மா காலத்தில் ராத்திரி சோறாக்கிவிட்டு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்காருவார்கள். பணப்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் சும்மா பேச்சு ஓடும். யார் மாடு செத்தது, யார் வட்டிக்காரனிடம் திரும்பப் போனார்கள், எல்லாம் அங்கேதான் வரும். தீர்மான நோட்டில் அதில் ஒரு வரிகூட ஏறாது. ஆனால் அடுத்த வாரம் யாருக்கு உட்கடன் கொடுப்பது என்பதை அந்தப் பேச்சுதான் முடிவு செய்தது. நாங்கள் பதிவேடுகளைச் சுத்தமாக்கினோம், அந்த அரைமணி நேரம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

கணக்கு வாசிக்கிற நாள் வேறு, பேசுகிற நாள் வேறு என்று பிரித்துப் பார். பேசுகிற நாளில் உன் ஒன்றியத்து ஆட்கள் யாரும் வேண்டாம். நீயும் வேண்டாம்.

கலுங்கு எழுதியது:

நான் சிவகங்கைப் பக்கம், கண்மாய்ப் பாசனம். மகளிர் குழு பற்றித் தெரியாது, ஆனால் இதே பிரச்சினை எங்கள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திலும் இருந்தது. ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தலைவர் பேசுவார், மற்றவர்கள் செல்போன் பார்ப்பார்கள்.

ஒரு வருடம் ஹால் கிடைக்கவில்லை, சரி கரையிலேயே நடந்து பேசலாம் என்று கிளம்பினோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஆரம்பித்து, கண்மாய்க் கரை முழுக்க நடந்து, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை மடையாக நின்று, மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கில் போய் முடித்தோம். ஒவ்வொரு இடத்திலும் அந்த இடமே கேள்வி கேட்டது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, நாங்களோ அந்த வருடக் காசையெல்லாம் மடைக் கதவு மாற்றுவதில் போட்டிருந்தோம். தண்ணீர் வந்து சேர்ந்தால்தானே மடைக்கு வேலை? இதை ஹாலில் வாய் திறக்காத ஒரு பெரியவர்தான் சொன்னார், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக வேலை பார்த்தவர், கையை நீட்டிக் காட்டிச் சொன்னார். யாரும் மறுத்துப் பேச முடியவில்லை, கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே. கலுங்குக் கல்லில் எந்த வருடம் எதுவரைக்கும் தண்ணீர் நின்றது என்று அவருக்கு மனப்பாடம், அங்கே நின்றபோது பதினைந்து இருபது வருடக் கதை வந்தது.

அதற்கப்புறம் எங்கள் ஆண்டுக் கூட்டம் கரையில் நடந்தபடியேதான். அடுத்த கண்மாய்க்காரர்களையும் கூப்பிடுவோம். எங்கள் கலுங்குத் தண்ணீர்தானே அவர்கள் கண்மாய்க்குப் போகிறது, அவர்கள் கேள்வி எங்கள் கேள்வியைவிடக் கூர்மையாக இருக்கும்.

உங்கள் ஊரில் அந்த மெஷின் கிடக்கும் ஷெட்டுக்கே போய்க் கூட்டம் போடுங்களேன்.

நூறுநாள் எழுதியது:

நல்ல யோசனைகள்தான், ஆனால் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் மகளிர் குழுக் கூட்டம், கூட்டமைப்புக் கூட்டம், கிராம சபை, பள்ளி மேலாண்மைக் குழு, எல்லாவற்றுக்கும் அதே பத்துப் பெண்கள்தான் போய் உட்காருகிறார்கள். ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு. "சிந்தித்துப் பார்ப்போம் வாருங்கள்" என்று இன்னொரு நாள் கேட்பது நியாயமா? தவிர சமூகத் தணிக்கை என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1994இல் ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துக் கோட்கிரானாவில் தொழிலாளிகளும் விவசாயிகளும் கூடி, செலவுக் கணக்கையும் வருகைப் பட்டியலையும் ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள், செத்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி போயிருந்தது வெளியே வந்தது. அப்படி ஆரம்பித்ததுதான் 2005 வேலை உறுதிச் சட்டத்தில் 17ஆவது பிரிவாக வந்தது. அதையே ஒழுங்காகச் செய்தால் போதாதா?

பேரேடு எழுதியது:

நேரம் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தணிக்கை வேறு, இது வேறு. தணிக்கையில் ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் கண்டுபிடிக்கிறார். மெஷின் வாங்கிய அக்கா எந்தத் தப்பும் செய்யவில்லை, திருடவில்லை, ரசீது எல்லாம் பக்காவாக இருக்கும். தணிக்கையில் அவர்கள் குழு நல்ல மார்க்கோடு தேறிவிடும். கரண்ட் இல்லாத ஷெட் எந்தப் பதிவேட்டிலும் வராது.

வன்னிக் காற்று எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, நான் அதில் செயலாளராக இருந்தேன்.

யுத்தம் முடிந்து 2010இல் மீள்குடியேறின பிறகு எங்களிடம் வராத உதவி நிறுவனம் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூட்டம் வைத்து "உங்கள் முன்னேற்றம் என்ன" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகும். எழுதினது எங்களுக்குத் திரும்பி வந்ததில்லை. ஒரு நிறுவனம் மாரிக்குச் சற்று முன்னம் கோழிக் குஞ்சு தந்தது, மழைக்குள் கழிச்சல் நோய் வந்து முக்கால்வாசி செத்துப்போச்சு. அவர்களுக்குச் சொன்னோம், எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் வேறு நிறுவனம், அதே மாதம், அதே குஞ்சு. மூன்றாவது முறையும் நடந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, இந்தப் பாடம் எங்கள் கையில் இருக்க வேண்டுமே ஒழிய வந்து போகிறவர்களின் கையில் இருந்து பயனில்லை என்று.

அன்றைக்கு ஒரு சிஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட நோட்டு, வாங்கினோம். கணக்குக் கொப்பி இல்லை, வேறு. மாதக் கூட்டம் முடியக் கால்மணி நேரம் கதைப்போம், யாராவது ஒருவர் எழுதுவார். "மாரிக்கு முன்னம் குஞ்சு எடுக்கக்கூடாது. தடுப்பூசி போட்ட பிறகு தை மாதத்துக்குப் பின் எடுக்கலாம்." இப்படித்தான் இருக்கும், இரண்டு வரி. அடுத்த நிறுவனம் வந்து கோழி என்றபோது தலைவி அக்கா கொப்பியை விரித்து மேசையில் வைத்தா. அவர்கள் வாசித்துப்போட்டுத் திகதியை மாற்றினார்கள். எங்கள் ஊரில் ஒரு வெளி நிறுவனம் எங்கள் சொல்லுக்காகத் திட்டத்தை மாற்றினது அதுதான் முதல் தடவை, அன்று கூட்டத்திலிருந்த வயதான அம்மா ஒருவர் அழுதே விட்டா.

நேரம் பற்றிக் கேட்ட தம்பிக்கு: கால்மணி நேரம்தான், தனி நாள் தேவைப்படவில்லை.

நெல்மணி எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன், அந்தக் கொப்பி விஷயம் மனசை என்னவோ செய்துவிட்டது.

நான் சுனாமிக்குப் பிறகு கடலூர் பக்கம் மீனவப் பெண்கள் குழுக்களோடு இருந்தேன். அங்கே ஒரு முறையைக் கற்றுக்கொண்டோம், 1990களில் பங்களாதேஷில் ரிக் டேவிஸ் என்பவர் உருவாக்கியது. "மிக முக்கியமான மாற்றம்" என்று சொல்வோம். ஒரே கேள்விதான்: போன ஆறு மாதத்தில் உங்கள் வாழ்க்கையில் நடந்த மாற்றங்களில் எதைப் பெரிதாக நினைக்கிறீர்கள்? ஒவ்வொருவரும் ஒரு சம்பவம் சொல்வார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் அதை எடுத்தோம் என்றும் சொல்ல வேண்டும். விஷயமே அந்த "ஏன்"இல்தான் இருக்கிறது. எங்கள் குழு ஒன்றில், ஐஸ் பெட்டி வாங்கி வியாபாரம் பெருகிய சம்பவம்தான் ஜெயிக்கும் என்று நான் நினைத்தேன். அவர்கள் எடுத்தது, ஏலக்கூடத்தில் ஒரு பெண் முதல்முறையாக வியாபாரியிடம் விலையை எதிர்த்துப் பேசிய சம்பவம். ஏன் என்றால், பெட்டி உடைந்துவிடும், வாய் திறந்தது இனிமேல் மூடாது என்றார்கள். அதற்கு முன்னால் நாங்கள் எங்கள் அறிக்கைகளில் பெட்டிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆனால் இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. மாற்றம் என்று கேட்டால் நல்லதை மட்டும் சொல்கிறார்கள், மேலே மேலே போகப்போக வெற்றிக் கதைகள் மட்டும் மிஞ்சும். சிறந்த குழுக்களுக்குத் தமிழக அரசு தரும் மணிமேகலை விருது மாதிரி விருதுக்கு எழுதும்போது அது இயல்பு, அது அதற்கான இடம். கற்றுக்கொள்வதற்கு வெற்றிக் கதை போதவே போதாது. அதனால் நாங்கள் இரண்டாவது கேள்வியையும் சேர்த்தோம்: இன்னொரு தடவை செய்தால் எதை வேறு மாதிரி செய்வீர்கள்? "எதில் தோற்றீர்கள்" என்று கேட்டபோது வராத பதில் இப்படிக் கேட்டதும் வந்தது.

பேரேடு எழுதியது:

ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும், இதில் நான் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியாளர் வந்து, தரையில் கோலம் போட்டு, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு கட்டம், கட்டாத தவணைக்கு ஒரு கல் என்று வைக்கச் சொன்னார். எல்லோரும் பங்கெடுக்கிறார்கள், படமாகப் புரிகிறது என்று அவருக்குச் சந்தோஷம். ஒரு பெண்ணின் கட்டத்தில் ஒன்பது கல். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் அது, எங்களுக்கெல்லாம் தெரியும், ஆனாலும் ஒன்பது கல்லும் அத்தனை பேர் நடுவில் கிடந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவள் குழுவுக்கு வரவில்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவாள்.

எப்போது நடந்தது, எதனால் நடந்தது என்று கேளுங்கள். யார் என்று கேட்கவே கூடாது. இன்னொரு ஊருக்குச் சொல்லப் போகும்போதும் அந்தக் கதைக்கு உரியவரிடம் "சொல்லலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அவரே வந்து சொன்னால் இன்னும் நல்லது.

தென்னந்தோப்பு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். நடந்ததை எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் வரும்.

பேரேடு அக்கா சொன்ன மாதிரி கணக்கு வாசிப்பை முதல் வாரமே தனியாக முடித்துவிட்டோம். பேச்சுக்கான நாளை ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மெஷின் கிடந்த அந்த ஷெட்டிலேயே வைத்தோம். நடத்தியவர் பக்கத்து ஒன்றியத்திலிருந்து வந்த ஒரு கணக்காளர் அக்கா, இந்தக் குழுக்களுக்கு அவரால் ஒரு கடனும் கிடைக்கவும் செய்யாது தடைபடவும் செய்யாது. நான் வெளியே தென்னை மரத்தடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை. எழுதுவதெல்லாம் அவர்களே சொல்லச் சம்மதித்துப் பிறகு என்னிடம் சொன்னவை.

தரையில் ஒரு கயிற்றை நீளமாகப் போட்டார்களாம், ஒரு முனை 2018, மறுமுனை இன்று. யார் பெயரும் இல்லாமல், குழு சிரமப்பட்ட மாதத்தில் புளியங்கொட்டை, நிம்மதியாக இருந்த மாதத்தில் பூ. கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16இல் கொட்டை குவியும் என்று எல்லோருக்கும் தெரியும், குவிந்தது. எங்கள் பக்கம் தென்னை விழுந்தால் பத்து வருடப் பிழைப்பு விழுந்த மாதிரி. ஆனால் அதைவிடப் பெரிய குவியல் 2020க்கும் 2021க்கும் நடுவே விழுந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஏன் என்று பேசப்போய்த்தான் இரண்டு விஷயம் வெளியே வந்தது. கொரோனா சமயத்தில், 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கிகள் சொன்னபோது ஒன்பது குழுக்கள் வட்டியும் கிடையாது என்று நினைத்திருக்கிறார்கள். தள்ளிவைத்தது தவணையை மட்டும்தான், வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் பாஸ்புக்கைப் பார்த்து அதிர்ந்துபோய் வெளியில் வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது 2021இல் தமிழக அரசு அறிவித்த குழுக் கடன் தள்ளுபடி. கூட்டுறவு நிறுவனங்களில் வாங்கிய கடனுக்குத்தான் தள்ளுபடி. வேறு வங்கியில் வாங்கிய மூன்று குழுக்கள் நமக்கும் வரும் என்று நம்பித் தவணையை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருடம் ஒவ்வொரு குழுவும் நாம் மட்டும்தான் ஏமாந்தோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறது. ஒன்பது குழுக்கள்! கேட்டபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. நான் அந்த வருடங்களில் எழுதிய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன், ஒரு வரி இல்லை.

மெஷின் கதையை அந்த முதல் அக்காவே எழுந்து சொன்னாராம், சாக்கை விலக்கிக் காட்டி. அவர்கள் பிறகு மும்முனை இணைப்பு வாங்கி இப்போது ஓட்டுகிறார்கள். இரண்டாவது ஊருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது அவர்தான், அங்கே இணைப்பு இன்னும் வரவில்லை. நெல்மணி சொன்ன "இன்னொரு தடவை செய்தால்" கேள்விக்கு அவர் பதில்: "கொட்டேஷன் வாங்குற அன்னைக்கே கரண்ட் பில் அட்டையைக் கையில எடுத்துக்கிட்டுப் போவேன்."

வன்னி அக்காவின் கொப்பியைப் பற்றியும் முன்பே சொல்லியிருந்தேன். ஒரு நூற்றிருபது பக்க நோட்டு வாங்கியிருக்கிறார்கள், கூட்டமைப்புச் செயலாளர் வீட்டில் இருக்கும். மூன்று பக்கம் எழுதியாயிற்று. வாட்ஸ்அப்பில் போடலாமா என்று சிலர் கேட்டார்கள், வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல் பதிவாகப் போடலாம் என்று பேச்சு வந்தது. ஆனால் அது எங்கெல்லாம் போகும் என்று தெரியாது என்று பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள். ஆளே போய்ச் சொல்வது என்று முடிவு.

நூறுநாள் எழுதியது:

படித்தேன் அக்கா. நான் முதலில் சொன்னதில் நேரம் பற்றிய பகுதியை இப்போதும் விடமாட்டேன், ஆனால் இது வேண்டாத வேலை இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். போய்ச் சொல்கிறவர்களுக்குப் பஸ் காசும் அன்றைய கூலியும் யார் தருவது?

தென்னந்தோப்பு எழுதியது:

கேட்டது நல்லது தம்பி, அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கூட்டமைப்பு நிதியிலிருந்து பஸ் காசும் ஒரு நாள் கூலியும் என்று தீர்மானம் போட்டார்கள், இதை மட்டும் தீர்மான நோட்டிலேயே எழுதினார்கள். முதல் பயணம் வரும் வியாழக்கிழமை, பேராவூரணிப் பக்கம் ஒரு குழு மெஷின் வாங்கக் கடன் கேட்டிருக்கிறது. அந்த அக்காவும் இன்னொருவரும் காலை ஏழு மணி பஸ்ஸில் போகிறார்கள்.

வன்னிக் காற்று எழுதியது:

போய் வந்து என்ன கதைத்தார்கள் என்று எழுதுங்கோ. எங்கள் சங்கத்திலும் இதை வாசித்துக் காட்டினேன், அந்தப் புளியங்கொட்டையையும் பூவையும் நாங்களும் செய்து பார்க்கப் போகிறோம். கயிற்றின் முதல் முனையை எந்த வருடத்தில் வைப்பது என்பதில்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சிலர் 2010 என்கிறார்கள், சிலர் அதற்கு முந்தியும் வேண்டும் என்கிறார்கள்.

பேரேடு எழுதியது:

முந்தி வேண்டும் என்கிறவர்கள் எத்தனை பேர் என்று பாரம்மா. ஒருத்தி வேண்டாம் என்றாலும் 2010இலேயே வையுங்கள். மற்றது அவர்களுக்குத் தோன்றும்போது தானாக வரும்.